நாற்பத்தொரு பேர் நீங்கலாக

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் உதயகலாவிடம் வாய் கொடுக்கப் போகிறவருக்குப் புத்தி மட்டு என்றுதான் சொல்லவேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கு, அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஈமெயிலில் போகவேண்டிய ஊர்மடலில் எதைப் போடுவது, எதை விடுவது என்று அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிற நேரம் அது. கேட்டால் பதில் வராது. வந்தாலும் சுள்ளென்றுதான் வரும்.

ஊர், கொடிகாமம் சந்தையிலிருந்து இரண்டு கட்டைத் தூரம். சனசமூக நிலையத்தின் பின்னறைதான் அவள் வேலை செய்கிற கந்தோர். வயது நாற்பத்துநான்கு. கல்யாணம் கட்டவில்லை, ஏன் என்று கேட்கிறவர்களுக்கு, "மடலிலை போடுறன், வாசிச்சுப் பாருங்கோ" என்பாள். இரண்டு இடப்பெயர்வுகளுக்கு நடுவே இரண்டு தரம் உயர்தரப் பரீட்சை எழுதி, இரண்டு தரமும் கோட்டை விட்டவள். பிறகு தையல் படித்தாள், தட்டச்சுப் படித்தாள், கணினி படித்தாள். வெளிநாடுகளில் இருக்கிற ஊர்க்காரரின் ஒன்றியம் ஒரு மடிக்கணினியை அனுப்பி, கிழமைக்கு ஒருதரம் ஊர்ப்புதினம் எழுதி அனுப்பும்படி கேட்டபோது, நிலையத்துத் தலைவர் தொடக்கம் பொருளாளர் வரை ஆளையாள் பார்த்தார்கள். பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த உதயகலாதான் "நான் செய்யிறன்" என்றாள். ஏழு வருடமாகிறது.

முதல் மூன்று மாதமும் மடல் ஒரு பாடசாலை ஆண்டுமலர் மாதிரியே போனது. தலைவரின் வாழ்த்துரை, கூட்ட அறிக்கை, நன்றியுரை. பிறகு ஒருநாள், யார் எதைத் திறந்து வாசித்தார்கள் என்று காட்டுகிற பக்கம் ஒன்று கணினியில் தற்செயலாக அகப்பட்டது. பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைவரின் வாழ்த்துரையை முழுதாகத் திறந்தவர் உலகத்தில் ஒரேயொருவர். அது தலைவர்.

அன்றிலிருந்து அவள் பிடித்த பிடி வேறு. ஊரைவிட்டுப் போனவர்களுக்கு என்ன வேண்டும் என்று கிழமை கிழமையாகப் பார்த்துப் படித்தாள். மரண அறிவித்தலை எல்லாரும் திறந்தார்கள். வயலில் வெள்ளம் நின்ற படத்தை முக்கால்வாசிப் பேர் திறந்தார்கள். முருங்கைக்காய் விலை போட்ட கிழமை, லண்டனிலிருந்து மட்டும் பதினான்கு பதில் வந்தது. பரிசளிப்பு விழாப் படம் போட்டால், பரிசு வாங்குகிற பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை. பின்னால் தெரிகிற மதில் யாருடையது, அதிலே நின்ற மாமரத்தை எந்தப் பாவி தறித்தான் என்றுதான் கேட்டு எழுதினார்கள். அதனால் அவள் படம் எடுக்கிற முறையையே மாற்றினாள். ஆளை ஓரத்தில் நிறுத்தி, தெருவை நடுவில் விட்டாள்.

கோபிகாவின் முதலாவது கடிதமும் அப்படி ஒரு படத்தால்தான் வந்தது. "அக்கா, மூண்டாவது படத்திலை, வாழைக்குலைக்குப் பின்னாலை சைக்கிளோடை நிக்கிறது எங்கடை அப்பா. நல்லா மெலிஞ்சிட்டார். வேறை படம் ஏதும் இருந்தாப் போடுங்கோ." அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

கோபிகா, அருளம்பலத்தாரின் மகள். குருநகரைச் சேர்ந்த லியோன் என்ற கடல்தொழில்காரர் வீட்டுப் பெடியனைக் கட்டிக்கொண்டு நோர்வேக்குப் போய்ப் பதினொரு வருடம். மதமும் வேறு, சாதியும் வேறு. அன்றைக்கு அருளம்பலத்தார் தோட்டத்தில் நின்றபடியே, "எனக்கு ஒரு பிள்ளைதான்" என்று சொன்னவர், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. தாய் அதற்கு முன்னமே போய்விட்டாள். ஆகவே நோர்வேயிலிருக்கிற அந்தப் பிள்ளைக்குத் தகப்பனைக் காண இருந்த ஒரேயொரு வழி, சனிக்கிழமை ஊர்மடல்.

உதயகலா அதற்குப் பிறகு எந்தப் படம் எடுத்தாலும் ஒரு மூலையில் அருளம்பலத்தார் விழுகிறமாதிரிப் பார்த்துக்கொண்டாள். சந்தையில், கோயில் வீதியில், வாசிகசாலைப் படியில். கமெராவைக் கண்டால் துண்டை உதறிக்கொண்டு எழும்பிப் போகிற மனுஷன் அவர். ஒருநாள் எழும்பாமல் இருந்தார்.

"பிள்ளை, உந்தப் படமெல்லாம் எங்கை போகுது?"

"வெளிநாடு முழுக்கப் போகும் ஐயா."

"நோர்வேக்கும்?"

"ஓம் ஐயா."

அவர் சேட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேரே பார்த்தார். உதயகலா அவசரப்பட்டு அமத்தியதில் அந்தப் படம் கலங்கிப்போயிற்று. போன கிழமைகூட அவர் சந்தைப் படத்தில், வெங்காயச் சாக்குக்கு மேலே குந்தியிருந்தார்.

அப்படிப்பட்ட அருளம்பலத்தார்தான் ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் காலையில், மிளகாய்க் கன்றுகளுக்குப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற இடத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் வருமுன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. நிலையத்துக்கு யாரோ ஓடிவந்து சொன்னபோது, உதயகலா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். அவருக்காக அழுவதற்கு முன், 'ஐயோ, கோபிகா' என்றுதான் வாயில் வந்தது.

பின்னேரம் பிரவீணன் வந்தான். அருளம்பலத்தாரின் மகன், கொடிகாமத்தில் மரக்கறி மொத்த வியாபாரம். நாற்பது வயது ஆண்பிள்ளை, அழுதழுது கண் வீங்கியிருந்தது. அறிவித்தல் எழுதிய கடதாசியை மேசையில் வைத்தான், ஆனால் கையை எடுக்கவில்லை.

"அக்கா, இது அச்சுக்குக் குடுக்க எழுதினது. நீங்கள் மடலிலை போடாதேங்கோ."

"என்ன பிரவீணன் கதைக்கிறாய்? ஊரிலை ஒரு சாவு, அதுகும் உன்ரை அப்பா. போடாமல் விடுறதோ?"

"ஞாயிற்றுக்கிழமை கனடாவிலை சித்தப்பாவின்ரை மகனுக்குக் கலியாணம். அவைக்கு இன்னும் நான் சொல்லேல்லை. முடியச் சொல்லுவம்."

உதயகலாவுக்கு விளங்கிவிட்டது. சித்தப்பா என்றால் அருளம்பலத்தாரின் கூடப்பிறந்த தம்பி. பங்காளிக்குள் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாளும் துடக்கு என்கிற தீட்டு. நல்ல காரியம் ஒன்றும் ஆகாது. ஆனால் தூரத்தில் இருக்கிறவர்களுக்குத் துடக்கு சாவோடு போவதில்லை, சாவுச் செய்தியோடுதான் போகிறது. காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. விழாதவரைக்கும் ஆள் சுத்தம். அதனால் கல்யாண வீடு ஒன்று நடக்க இருக்கும்போது, சாவுச் செய்தியை இரண்டு நாள் மடியில் முடிந்து வைத்திருப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் பாவமென்று நினைப்பதில்லை. பக்குவம் என்பார்கள். ஈமெயில் வந்த பிறகு அந்த முடிச்சு உதயகலாவின் கைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

"கோபிகாவுக்கு?" என்று கேட்டாள்.

அவனுடைய முகம் இறுகிப்போயிற்று. "அவள் செத்துப் பதினொரு வரியம்."

"அப்பா சொல்லிப்போட்டோ போனவர்?"

"நான் சொல்லுறன். அக்கா, நீங்கள் தனிய ஒருத்தருக்கும் எழுதக்கூடாது. என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

சாவீட்டுக்காரன் குனிந்து தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். எப்படி மாட்டேன் என்பது? உதயகலா அவனுடைய தலையில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கும்போதே அவளுடைய புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. புத்தி கூடினவர்களுக்கு வருகிற கேடு அது.

"தனிய எழுதமாட்டன். ஆனா மடலை நிப்பாட்டேலாது, பிரவீணன். மற்றச் சனம் என்னைக் கிழிச்சுப்போடும். அதுக்கு ஒரு வழி இருக்கு. உங்கடை பகுதி ஆக்களை மட்டும் விலக்கிப்போட்டு மற்றவைக்கு அனுப்பலாம். ஐந்தாம் திருவிழாக்காரர் எண்டு என்னட்டை ஒரு குழு இருக்கு. நாப்பத்தொரு பேர். ஒரு தட்டுத் தட்டினால் அவைக்கு மடலே போகாது."

ஊர்க்கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு பகுதியாருக்குச் சொந்தம். ஐந்தாம் திருவிழா அருளம்பலத்தார் பகுதிக்கு. திருவிழாப் படங்களை அவரவருக்கு அனுப்பச் சுகமாக இருக்குமென்று, உதயகலா முகவரிகளையும் அதே ஒழுங்கில் பிரித்து வைத்திருந்தாள்.

பிரவீணன் யோசித்தான். "மற்றவை ஆரும் சொல்லிப்போட்டால்?"

"கலியாண வீடெண்டு எல்லாருக்கும் தெரியும். ஆர் வாயைத் திறப்பினம்?"

அவன் கடதாசியிலிருந்து கையை எடுத்தான். உதயகலா உள்ளுக்குள் துள்ளிக்கொண்டாள். கோபிகாவின் பெயரை அந்தப் பகுதியார் திருவிழாப் பட்டியலிலிருந்து எப்போதோ வெட்டிவிட்டார்கள். ஆகவே விலக்கப்படுகிறவர்களுக்குள் அவள் இல்லை. சனிக்கிழமை ஆறு மணிக்கு மடல் போகும். கோபிகா விடிய எழும்பிப் பார்ப்பாள். உடனே எழுதுவாள். அன்று மத்தியானம் பெட்டி மூடுமுன் அவளுக்குத் தகப்பனின் முகத்தைப் போனிலேயாவது காட்டிவிடலாம். சத்தியமும் மீறவில்லை, பிள்ளையையும் ஏமாற்றவில்லை. இதைவிடக் கெட்டித்தனமாக யார் செய்யமுடியும்?

அவன் போன பிறகுதான் அறிவித்தலை வாசித்தாள். "பிரவீணனின் அன்புத் தந்தையும்" என்று மட்டும் இருந்தது. கோபிகா என்றொருத்தி பிறக்கவேயில்லை. உதயகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டுக்காரர் எழுதித் தருகிற அறிவித்தலில் ஒரு கொம்பைக்கூட மாற்றுவதில்லை என்பது ஏழு வருடமாக அவள் வைத்திருக்கிற வழக்கம். எழுதியிருந்தபடியே தட்டச்சுச் செய்தாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மடல் போயிற்று. ஐந்நூற்று எழுபத்தொரு பேருக்குச் சேர்ந்துவிட்டதாகக் கணினி சொன்னது. போனை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, டேற்றாவும் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்குச் செத்தவீட்டுக்குப் போனாள். வீடியோக்காரனை வரக்கூடாது என்று பிரவீணன் தடுத்துவிட்டிருந்தான். இப்போதெல்லாம் எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளை உலகம் முழுக்க இருந்து பார்ப்பார்கள். அருளம்பலத்தாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உதயகலா பெண்களோடு தலைமாட்டில், முகம் நேரே தெரிகிற இடமாகப் பார்த்து நின்றாள்.

நோர்வேயில் ஏழு மணிக்கு எழும்பினால் இங்கே பத்தரை. பத்தரையாயிற்று. போன் சத்தம் போடவில்லை. ஐயர் வந்தார். சுண்ணம் இடித்தார்கள். பதினொன்றரை. உதயகலா சேலைத் தலைப்புக்குள் போனைப் பிடித்து, ஈமெயிலைத் திறந்து திறந்து பார்த்தாள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். அவளும் போட்டாள். பன்னிரண்டேகாலுக்குப் பெட்டியை மூடினார்கள். ஐயோ என்று ஒரு சத்தம் எழும்பியது. அதில் மகள் என்று அழ ஒரு குரல் இருக்கவில்லை. பன்னிரண்டரைக்குப் பெட்டி வாசல் படலையைத் தாண்டியது. பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள்.

உதயகலாவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரியா? ஒரு வரி எழுதக்கூடாதா? கால் மெலிஞ்சது, கை மெலிஞ்சது என்று வருடக்கணக்காக எழுதியதெல்லாம் நடிப்புத்தானா? வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீரை வார்க்கும்போதும் கோபிகாவைத் திட்டிக்கொண்டே வார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈமெயில் வந்தது.

"அக்கா, நேற்று மடல் வரேல்லை. ஒருத்தருக்கும் வரேல்லையோ, எனக்கு மட்டுமோ? போன கிழமைச் சந்தைப் படத்திலை அப்பாவின்ரை கால் வீங்கின மாதிரிக் கிடந்தது. ஆரையும் கொண்டு டொக்டரிட்டைக் காட்டச் சொல்லுவியளே? நான் கேட்டது எண்டு சொல்லவேண்டாம். கோபிகா."

உதயகலா திரும்ப வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, கழுவாத கையோடு கணினியைத் திறந்தாள். ஐந்தாம் திருவிழாக்காரர் குழு. ஒவ்வொரு பெயராக இறங்கிப் போனாள். முப்பத்தெட்டாவது பெயர், கோபிகா லியோன்.

யார் சேர்த்தது? எப்போது? பக்கத்திலேயே திகதி இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய ஆடி மாதம். சேர்த்தவர், உதயகலா.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வருடம் பிரவீணன் தங்கள் பகுதியாரின் முகவரிகளை எழுதிக் கொடுத்தான். நாற்பது. தங்கச்சியின் பெயர் இல்லை. தகப்பன் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற படத்தை அந்தப் பிள்ளை பார்க்கக்கூடாதா என்று ஆத்திரப்பட்டு, உதயகலாதான் யாருக்கும் சொல்லாமல் கொண்டுபோய் அவளை அங்கே சேர்த்தாள். பிறகு தான் செய்த நல்ல காரியத்தைத் தானே மறந்துபோனாள். நாற்பத்தொரு பேர் என்று தன் வாயாலேயே பிரவீணனுக்குச் சொல்லியிருக்கிறாள்! சொல்லும்போதாவது உறைத்திருக்கக் கூடாதா? அந்தாளோடு ஒட்டோ உறவோ இல்லாத ஐந்நூற்று எழுபத்தொரு பேர், முருங்கைக்காய் விலை கேட்கிறவர்களெல்லாம், அருளம்பலத்தார் செத்ததை அறிந்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளைக்குத் தெரியாது. பெற்ற பிள்ளை, காலுக்கு மருந்து கட்டச் சொல்கிறாள்.

எழும்பிப்போய்க் கையைக் கழுவினாள். பிறகு இரண்டு சொல் எழுதினாள்: "நம்பர் தாங்கோ." நம்பர் உடனே வந்தது.

"சொல்லுங்கோ அக்கா." கோபிகாவின் குரலை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். "மடலிலை ஏதும் பிரச்சினையோ?"

"பிள்ளை, பக்கத்திலை லியோன் நிக்கிறாரோ?"

அந்த ஒரு கேள்வியே போதுமாயிருந்தது.

"எப்ப?" என்றாள் கோபிகா.

"வியாழக்கிழமை. காலமை. தோட்டத்திலை. வருத்தப்படேல்லை, பிள்ளை. ஒரு நிமிஷம்தான்."

"எப்ப எடுத்தவை?"

"நேற்று. பன்னிரண்டரைக்கு."

கோபிகா வாய்க்குள் மணிக்கணக்குப் பார்க்கிறது கேட்டது. பன்னிரண்டரை, பதினொன்றரை, பத்தரை. "அப்ப இஞ்சை ஒன்பது மணி," என்றாள். "ஒன்பது மணிக்கு நான் குசினியிலை இருந்து மடலைத் தேடிக்கொண்டிருந்தனான், அக்கா. வேண்டாத ஈமெயில் போய் விழுற குப்பைப் பெட்டிக்குள்ளையும் தேடினனான்."

உதயகலா எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியம் பண்ணியது, தன் கெட்டித்தனம், குழு, விலக்கியது, படலையடியில் நின்று அவளைத் திட்டியதுகூட. ஒன்றையும் ஒளிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அந்தப் பிள்ளை தரவேண்டியல்லவா வரும்? லியோன் போனை வாங்கி, "பிறகு எடுக்கிறம் அக்கா" என்றான். பிறகு எடுக்கவில்லை.

திங்கட்கிழமை கனடாவிலிருந்து நாற்பத்தாறு கல்யாணப் படங்கள் வந்திறங்கின. அருளம்பலத்தாரின் தம்பி மனைவி ஞானாம்பிகை அனுப்பியிருந்தாள்: "வாற கிழமை மடலிலை முதலாவதாப் போடவும்." ஒரு படத்தில் அருளம்பலத்தாரின் தம்பியார், பட்டு வேட்டியும் சால்வையுமாக மணவறைக்குப் பக்கத்தில் நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அச்சொட்டாகத் தமையனின் முகம். உதயகலா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். அண்ணன் எரிந்து முடிந்தது தெரியாமல் சிரிக்கிறாரே, பாவம் என்று அவருக்காகவும் கொஞ்சம் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை ஞானாம்பிகையே எடுத்தாள்.

"பிள்ளை, படமெல்லாம் வந்து சேர்ந்ததோ? உமக்குப் பெரிய புண்ணியம். நல்ல அலுவல் பாத்தனீர்."

"மாமி, மாமாவுக்கு எப்பிடிச் சொன்னனீங்கள்? தாங்கிக்கொண்டாரோ?"

"எதைப் பிள்ளை?"

"அண்ணையார் மோசம் போனதை."

"ஐயோ, அது பிரவீணன் வியாழக்கிழமையே எடுத்துச் சொல்லிப்போட்டான். இவர் அண்டைக்கு முழுக்க அறைக்கதவைப் பூட்டிப்போட்டு அழுதவர்."

உதயகலா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "அப்ப மற்ற ஆக்களுக்கு?"

"எங்கடை பகுதி முழுக்கத் தெரியும். லண்டன், பிரான்ஸ், எல்லா இடமும். கலியாண மண்டபத்திலை ஆளையாள் முகம் பாத்தமே தவிர ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. வாய்ச்சொல்லை ஆரும் கேட்டால், கேக்கேல்லை எண்டு சொல்லலாம். உம்மடை மடல் எங்களுக்கு வந்திருந்தால் அப்பிடிச் சொல்லேலுமே? பொம்பிளை வீட்டுக்காரரும் மடல் எடுக்கிறவை, உங்களுக்கும் வந்ததுதானே எண்டு கேப்பினம். பிறகு துடக்கோடை தாலி கட்டினதெண்டு ஒரு கதை வந்துபோடும். அதுதான் எங்களுக்கு மடலை மட்டும் நிப்பாட்டினது."

அவ்வளவும் நாடகம். அழுது வீங்கின கண்ணோடு பிரவீணன் வந்து தலையைக் குனிந்து நின்றதிலும் பாதி நாடகம். அந்தத் தம்பியார் தமையன் செத்தது தெரிந்துகொண்டேதான் மணவறையில் அப்படிச் சிரித்திருக்கிறார். உதயகலா விலக்கிய நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் வியாழக்கிழமையே அறிந்தவர்கள். அவளுடைய கெட்டித்தனம் எல்லாம் சேர்ந்து உலகத்தில் ஒரேயொரு ஆளிடமிருந்துதான் அந்தச் சாவை மறைத்திருக்கிறது.

"கோபிகாவுக்குத் தெரியாது, மாமி," என்றாள்.

"ஆருக்கு?"

ஞானாம்பிகை நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துத்தான் கேட்டாள். உதயகலாவுக்கு இந்த ஐந்து நாளில் விழுந்த அடிகளுக்குள் பெரிய அடி அதுதான். கோபத்தில் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். ஒதுக்கிவைத்தால் நினைவாவது இருக்கும். இவர்களுக்கு நினைவுமில்லை.

"ஓ, அவளே," என்றாள் ஞானாம்பிகை கொஞ்சம் பொறுத்து. "அவள் மடல் எடுக்கிறவளோ? சரி பிள்ளை, படத்தை மறக்காதையும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் உதயகலா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் இருந்தாள். நாற்பத்தாறு படம் ஒருபக்கம். பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டி ஒருபக்கம். சந்தை விலை, வீதிக்குத் தார் போடுகிற செய்தி, தலைவரின் புதிய வேண்டுகோள் ஒன்று. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தாள். அந்தக் கிழமைக்கு மடலில் போட ஒரேயொரு விஷயம்தான் இருந்தது.

போன கிழமை அறிவித்தலைத் திறந்தாள். "பிரவீணனின்" என்ற சொல்லில் கையை வைத்தாள். ஏழு வருடத்தில் ஒருவர் வீட்டு அறிவித்தலிலும் அவள் கை வைத்ததில்லை. இப்போது வைப்பது பிழையென்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு வாசலில் வந்து நின்று கத்துவார்கள், ஒன்றியம் மடிக்கணினியைத் திருப்பிக் கேட்டாலும் கேட்கும். இருந்தும் அடித்தாள்:

"பிரவீணன் (கொடிகாமம்), கோபிகா (நோர்வே) ஆகியோரின் அன்புத் தந்தையும், லியோனின் அன்பு மாமனாரும் ஆவார்."

கீழே இரண்டு வரி சேர்த்தாள். "சென்ற கிழமை இவ்வறிவித்தல் சிலருக்கு அனுப்பப்படவில்லை. அதில் மகளின் பெயரும் விடுபட்டிருந்தது. அனுப்பாமல் விட்டதும், விடுபட்டதைக் கண்டும் பேசாமலிருந்ததும் என் தவறு. உதயகலா."

கணினி வழக்கம்போலக் கேட்டது: யாரையும் விலக்கவேண்டுமா? இல்லை என்று தட்டினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பிரவீணன் எடுத்தான். "ஆரைக் கேட்டு அவளின்ரை பேரைப் போட்டனீங்கள்?" என்று போன் வெடிக்கக் கத்தினான்.

"ஒருத்தரையும் கேக்கேல்லை, பிரவீணன். அவள் அவருக்குப் பிறந்தவள். அதுக்கு ஆரைக் கேக்கிறது?"

அவன் போனை வைத்துவிட்டான். எட்டு மணிக்குத் தலைவர் எடுத்து, வாற கூட்டத்தில் இதைப்பற்றிக் கதைக்கவேண்டும் என்றார். கனடாவில் பதினேழு பேர் மடல் வேண்டாமென்று பெயரை எடுத்துவிட்டார்கள். உதயகலா எல்லாவற்றையும் பார்த்தாள். ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நோர்வேயிலிருந்து என்ன வரும் என்று மட்டும் பயந்துகொண்டிருந்தாள். தன்னைக் கேட்காமல் தன் பெயரைச் சந்திக்கு இழுத்ததாக அந்தப் பிள்ளை நினைத்தால்? இனி மடலே வேண்டாம், பார்க்க ஆளில்லை என்று எழுதினால்? எழுதினால் அது நியாயம்தான்.

பத்தரைக்குப் பதில் வந்தது. திறந்தாள்.

"அக்கா, மடல் வந்தது. லியோன் அதை அச்சடிச்சுக்கொண்டு வந்து தந்தவர். என்ரை பிறப்புச் சேட்டிபிக்கட்டுக்குப் பிறகு, அப்பாவின்ரை பேரும் என்ரை பேரும் ஒண்டா இருக்கிற கடதாசி இது ஒண்டுதான்."